சென்னையிலிருந்து தேரிக்காடு: ஒரு வார இறுதியில் செம்மணலைப் படம்பிடிக்க முழு வழிகாட்டி

பாலைவனத்தில் போட்டோ எடுக்க வேண்டும் என்று பேச்செடுத்தால் சென்னையில் எல்லோரும் ஜெய்சால்மர் பக்கம்தான் கை காட்டுவார்கள். அதற்கு விமான டிக்கெட், நாலைந்து நாள் லீவு, கணிசமான பணம் எல்லாம் வேண்டும். நம் தூத்துக்குடி மாவட்டத்தில், திருச்செந்தூருக்கு மேற்கே, பல ஆயிரம் ஏக்கருக்குச் செக்கச்செவேல் என்று மணல் மேடுகள் கிடக்கின்றன. ஊர்க்காரர்கள் தேரி என்பார்கள். வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டு, கூட வண்டி ஓட்டத் தெரிந்த ஒரு நண்பரையும் சேர்த்துக்கொண்டால் ஞாயிறு இரவு வீட்டுக்கு வந்துவிடலாம்.

மழைக் கணக்கில் தேரி பாலைவனம் இல்லை. பனையும் முந்திரியும் உடைமரமும் நிற்கும் மணற்காடு. ஆனால் மேட்டின் மேல் ஏறி நின்றால் கண்ணுக்கெட்டிய வரை சிவப்பு அலை அலையாகப் போகும். ராஜஸ்தானில் கிடைக்காத நிறம் இது.

போகும் முன் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். இந்தப் பயணத்தில் உங்களுக்குக் கிடைப்பது இரண்டே வேளை: சனிக்கிழமை மாலை ஒன்று, ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்று. உச்சி வெயிலில் மணல் தட்டையாகிவிடும். நிழல் இல்லை, மணலில் காற்று போட்ட வரிகள் தெரியாது, நிறமும் வெளுத்துப்போகும். அதனால் எப்போது கிளம்புவது, எங்கே தூங்குவது, எப்போது சாப்பிடுவது எல்லாமே அந்த இரண்டு வேளையையும் முழுசாகக் காப்பாற்றத்தான். கீழே சொல்லியிருக்கும் ஒவ்வொன்றும் அந்தக் கணக்கில்தான் வருகிறது.

எந்த மாதம் போவது

பிப்ரவரி, மார்ச். என் முதல் தேர்வு இதுதான்.

காரணத்தைப் புரிந்துகொள்ள தேரி எப்படி உண்டானது என்று தெரிய வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பீறிட்டுக்கொண்டு இந்தப் பக்கம் வருகிறது. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பதும் அதே காற்றை நம்பித்தான். அந்தக் காற்று நாங்குநேரிப் பக்கத்துச் செம்மண்ணை வாரிக்கொண்டு வந்து கடலோரம் கொட்டிக் குவித்தது. மணல் துகளின் மேல் இரும்பு ஆக்சைடு பூசியிருப்பதால் சிவப்பு. மே முதல் செப்டம்பர் வரை இந்தக் காற்று பலமாக அடிக்கும். மணலில் விழும் வரிகள் அப்போது கத்தி போல இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதே காற்று லென்ஸுக்குள்ளும் கண்ணுக்குள்ளும் புகுந்துவிடும், வெயிலும் தாங்காது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மழை பெய்தால் மணல் கருஞ்சிவப்பாகிக் கட்டி தட்டிப்போகும், வரிகள் அழிந்துவிடும், புல் முளைத்துவிடும். ஜனவரியில் மெல்ல உலரத் தொடங்கும். பிப்ரவரியில் மணல் நன்றாகக் காய்ந்திருக்கும், காற்றும் அளவாக இருக்கும்.

தேதியைக் குறிக்கும்போது பஞ்சாங்கத்தையும் ஒரு புரட்டு புரட்டுங்கள். தைப்பூசம், மாசித் திருவிழா, வைகாசி விசாகம், கந்த சஷ்டி நாட்களில் திருச்செந்தூரில் ரூம் கிடைக்காது, சாலையிலும் நகர முடியாது. குலசேகரப்பட்டினம் தசராவுக்கும் அப்படித்தான். முகூர்த்த நாள் வரும் வார இறுதியையும் தவிர்த்துவிடுவது நல்லது. பௌர்ணமியை ஒட்டிய சனிக்கிழமை அமைந்தால் விடாதீர்கள்: மேற்கே சூரியன் இறங்கும் நேரத்தில் கிழக்கே நிலா எழும்பும், இரண்டு திசையிலும் படம் இருக்கும்.

ஒரு வாரம் முன்பே முடிக்க வேண்டியவை

நாம் போகப்போகும் குதிரைமொழித் தேரியின் பெரும்பகுதி காப்புக்காடு. மணல் ஊருக்குள் நகராமல் இருக்க வனத்துறை முந்திரி, சவுக்கு என்று நட்டு வளர்த்து வைத்திருக்கும் இடம். அதனால் உள்ளே இறங்கிப் படமெடுப்பதற்கு முன் திருச்செந்தூர் வனச்சரக அலுவலகத்தில் பேசி அனுமதி கேளுங்கள். வேலை நாளில் கூப்பிட வேண்டும். சனிக்கிழமை போய் நின்றுகொண்டு கேட்டால் யாரையும் பிடிக்க முடியாது. சும்மா ஆசைக்கு எடுப்பதும் கல்யாண போட்டோஷூட், விளம்பரப் படம் எடுப்பதும் வேறு வேறு. எது என்று உள்ளபடி சொல்லுங்கள். டிரோன் கொண்டுபோவதாக இருந்தால் அதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள். குலசேகரப்பட்டினத்தில் இஸ்ரோவின் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியாகிவிட்டது, அதுவும் பக்கம்தான். டிரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அந்த இடம் என்ன நிறத்தில் காட்டுகிறது என்று பார்க்காமல் டிரோனைப் பறக்கவிடாதீர்கள்.

மதுரையில் வெள்ளி இரவுக்கு ஒரு ரூம், திருச்செந்தூரில் சனி இரவுக்கு ஒரு ரூம். இரண்டையும் முன்கூட்டியே போட்டுவிடுங்கள்.

வண்டியில் டயர் காற்று, ஸ்டெப்னி, கூலன்ட், ஃபாஸ்டேக் பாக்கி பாருங்கள். போக வர, அங்கே சுற்றுவது எல்லாம் சேர்த்து சுமார் 1,350 கிலோமீட்டர் ஓடும். லிட்டருக்கு 15 கொடுக்கும் கார் என்றால் 90 லிட்டர் பெட்ரோல், ஒன்பதாயிரம் ரூபாயை ஒட்டி வரும். சுங்கக் கட்டணம் தனி. ரூமும் சாப்பாடும் சேர்ந்த மொத்தத்தை இருவரும் கிளம்பும் முன்பே பேசிப் பாதியாகப் பிரித்துவிடுங்கள். வரும் வழியில் கணக்குப் பார்த்தால் களைப்பில் மனஸ்தாபம்தான் மிஞ்சும்.

வெள்ளி: சென்னையிலிருந்து மதுரை

இரவு பத்து மணிக்குக் கிளம்பி, விடிய விடிய ஓட்டி, சனி காலையில் நேராகத் தேரியில் போய் நிற்கலாம் என்று பலர் கணக்குப் போடுவார்கள். வேண்டாம். விடிகாலை இரண்டிலிருந்து ஐந்து வரை கண் சொக்கும் நேரம். நெடுஞ்சாலையில் நின்றுகொண்டிருக்கும் லாரியில் கார் மோதும் செய்திகளில் பல அந்த நேரத்தில் நடந்தவைதான். உயிரோடு போய்ச் சேர்ந்தாலும், தூங்காத கண்ணோடு எடுக்கும் படத்தில் ஒரு கூர்மை இருக்காது.

மதியம் ஒரு மணிக்குள் கிளம்புங்கள். மூன்று மணிக்கு முன்னால் பரனூர் சுங்கச்சாவடியைத் தாண்டிவிட்டால் பாதி நிம்மதி. ஐந்து மணிக்கு மேல் பெருங்களத்தூரிலேயே ஒரு மணி நேரம் போய்விடும். திண்டிவனம், விழுப்புரம், திருச்சி வழியாக மதுரை ஏறத்தாழ 460 கிலோமீட்டர். இடையில் இரண்டு முறை நின்று போனாலும் இரவு பத்துக்குள் சேர்ந்துவிடலாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஸ்டியரிங்கை மாற்றிக்கொள்ளுங்கள். ஓட்டாதவர் தூங்கக்கூடாது என்பது என் கண்டிப்பான விதி. "மச்சான், நீ தூங்கிட்டா எனக்கும் தூக்கம் வரும்டா" என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுவதில் தப்பே இல்லை. பாட்டுப் போடுவது, வழி பார்ப்பது, சுங்கச்சாவடிக்கு முன் எந்த வரிசை சின்னது என்று சொல்வது எல்லாம் அவர் வேலை.

சனி காலை: உப்பளத்தில் ஒரு ஒத்திகை

மதுரையில் ஆறரைக்குக் கிளம்பி அருப்புக்கோட்டை, எட்டயபுரம் வழியாக ஒன்பது மணிவாக்கில் தூத்துக்குடிக்கு வந்துவிடுவீர்கள். அங்கிருந்து திருச்செந்தூர் சாலையைப் பிடித்தால் முள்ளக்காடு பக்கம் உப்பளங்கள் தொடங்கும். பாத்தி பாத்தியாகத் தண்ணீர், அதன் ஓரத்தில் வெள்ளைக் குவியல்கள்.

இங்கே அரை மணி நேரம் நிற்கச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கேமராவின் ஒளியளவு மானி எதைக் கண்டாலும் நடுத்தரச் சாம்பல் என்றே நினைத்துக்கொள்ளும். வெள்ளை உப்பைக் காட்டினால் அதையும் சாம்பலாக்கிவிடும். ஒளியளவை ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு) கூட்டினால்தான் உப்பு உப்பாகத் தெரியும். மாலையில் தேரிக்குப் போனால் கதை தலைகீழ்: செம்மணல் அவ்வளவு வெளிச்சமான பரப்பு இல்லை, கூட்டத் தேவையில்லை, பெரும்பாலும் குறைக்கத்தான் வேண்டியிருக்கும். இந்த வித்தியாசத்தைக் காலையிலேயே கையில் பழகிக்கொண்டால் மாலையில் தடுமாற்றம் இருக்காது.

உப்பளத்தில் வேலை செய்கிறவர்களைக் கேட்காமல் எடுக்காதீர்கள். வெயிலில் கால் வெடிக்க உப்பு வாருகிறவர்கள் அவர்கள். "அக்கா, ஒரு படம் எடுத்துக்கலாமா?" என்று கேட்டு, வேண்டாம் என்றால் கேமராவை இறக்கிவிடுங்கள்.

அப்புறம் முக்காணியில் தாமிரபரணிப் பாலத்தைத் தாண்டி, ஆறுமுகநேரி வழியாகத் திருச்செந்தூர். சாப்பிட்டுவிட்டு ரூமில் இரண்டு மணி நேரம் படுத்துத் தூங்குங்கள். பேட்டரிகளை அப்போதே சார்ஜில் போடுங்கள்.

சனி மாலை: தேரிக்குள்

மூன்றரை மணிக்குக் கிளம்பி காயாமொழி வழியாகப் போங்கள். தேரிக்குடியிருப்பில் கற்குவேல் அய்யனார் கோயில் இருக்கிறது. கார்த்திகை கடைசியில் இங்கே கள்ளர் வெட்டுத் திருவிழாவுக்குப் பெருங்கூட்டம் கூடும். மேலப்புதுக்குடியில் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில். சுற்றிலும் மணற்காடு இருக்க, அங்கே ஒரு சுனை இருப்பது ஆச்சரியம்தான். மணல் மழைநீரை அப்படியே உள்ளே இறக்கி அடியில் தேக்கி வைத்துக்கொள்வதால்தான் இந்தக் காட்டில் பனையும் முந்திரியும் பிழைத்திருக்கின்றன.

காரைத் தார்ச்சாலையை விட்டு இறக்கவே இறக்காதீர்கள். பார்க்கக் கெட்டியாகத் தெரியும், நாலடியில் டயர் புதைந்துவிடும். அப்படியே புதைந்துவிட்டால் ஆக்சிலேட்டரை மிதிக்காதீர்கள். மிதிக்க மிதிக்கக் குழி ஆழமாகும். டயரில் காற்றை 18 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கி, முன்னால் இருக்கும் மணலைக் கையால் தள்ளி, கால்மிதி விரிப்பையோ காய்ந்த பனையோலையையோ டயருக்கு அடியில் கொடுத்து, மெதுவாக எடுங்கள். சாலைக்கு வந்ததும் மறுபடி காற்று பிடிக்க வேண்டும் என்பதால் சிகரெட் லைட்டரில் செருகும் பம்ப் ஒன்று வண்டியில் இருக்கட்டும்.

கார் நிறுத்திய இடத்தைப் போனில் குறித்துக்கொண்ட பிறகே நடக்கத் தொடங்குங்கள். உள்ளே போனால் எல்லா மேடும் ஒன்றுபோலவே இருக்கும், சில பள்ளங்களில் சிக்னல் எடுக்காது. ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், கணுக்காலை மூடும் ஷூ, தொப்பி. மணலில் உடைமுள் கிடக்கும். சுருட்டை விரியன் வாழும் நிலமும் கூட, அதனால் புதருக்குள் கையை விடவோ, பார்க்காமல் உட்காரவோ வேண்டாம்.

பிப்ரவரியில் இங்கே சூரியன் ஏறத்தாழ 6:25க்கு மறையும். நாலரைக்கு நீங்கள் மேட்டில் இருக்க வேண்டும். முதல் அரை மணி நேரம் கேமராவைப் பையிலிருந்து எடுக்காமல் சுற்றிப் பாருங்கள். எந்த மேட்டின் முகடு வளைந்து போகிறது, எந்தப் பனை தனியாக நிற்கிறது, எங்கே மனிதக் காலடி படவில்லை என்பதைக் கவனியுங்கள். காலடித் தடம்தான் இங்கே பெரிய பிரச்சினை. ஒரு முறை நடந்துவிட்டால் அந்தச் சரிவு அன்றைக்குப் போயிற்று. ஆகவே எடுக்கப்போகும் சரிவின் பின்பக்கமாகச் சுற்றி ஏறுங்கள், இருவரும் ஒரே தடத்தில் நடங்கள், ஞாயிறு காலைக்கென்று ஒரு பகுதியைத் தொடாமல் விட்டுவையுங்கள்.

மணல் வரிகளைக் குனிந்து பாருங்கள். கொஞ்சம் பருத்த துகள்கள் வரியின் முகட்டில் ஒதுங்கியிருக்கும். அங்கங்கே கறுப்பு இழையோடும். அது இல்மனைட் போன்ற கனமான தாதுமணல். லேசான துகளைக் காற்று கொண்டுபோக, கனத்தது தங்கிவிடுகிறது. வரிகள் எப்போதும் காற்றுக்குக் குறுக்கே விழும். இங்கே காற்று தென்மேற்கிலிருந்தோ வடகிழக்கிலிருந்தோ அடிப்பதால் வரிகள் பெரும்பாலும் வடமேற்கிலிருந்து தென்கிழக்காக ஓடும். காலையிலும் மாலையிலும் வெயில் அவற்றைச் சாய்வாக வெட்டிக்கொண்டு விழும். வெயிலுக்கு எதிர்முகமாகவோ பக்கவாட்டிலோ நின்று, முட்டிபோட்டு, தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் அகலக்கோண லென்ஸ் வைத்து எடுங்கள். ஒவ்வொரு வரியும் அதனதன் நிழலோடு எழுந்து நிற்கும். வெயிலை முதுகில் வைத்துக்கொண்டு எடுத்தால் அதே இடம் வெறும் சிவப்புத் தரையாகத்தான் வரும்.

கேமராவில் கவனிக்க வேண்டியவை

ஒயிட் பேலன்ஸை, அதாவது வெளிச்சத்துக்கு ஏற்ப நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பை, ஆட்டோவில் விடாதீர்கள். படம் முழுக்கச் சிவப்பைக் கண்டதும் கேமரா அதைப் பிழை என்று நினைத்து நீலத்தைச் சேர்த்து, தேரியைச் செங்கல் தூளாக்கிவிடும். பகல் வெளிச்ச அமைப்பில், அதாவது 5,200 முதல் 5,500 கெல்வினுக்குள் நிறுத்திவிட்டு, கேமரா சுருக்காமல் சேமிக்கும் RAW கோப்பாக எடுங்கள்.

படத்தின் ஒளியளவைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமை மூன்று நிறமும் தனித்தனியாகக் காட்டும்படி மாற்றுங்கள். மொத்த வரைபடம் பத்திரமாகத் தெரியும்போதே சிவப்பு மட்டும் வலது ஓரத்தில் போய் முட்டியிருக்கும். அந்தி வெயிலில் இது அடிக்கடி நடக்கும். முட்டினால் மணலின் நுணுக்கம் போய் ஒரே சிவப்புத் திட்டாகிவிடும், அப்புறம் எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. அரை ஸ்டாப்போ முக்கால் ஸ்டாப்போ குறைத்து எடுப்பதே பாதுகாப்பு.

லென்ஸை மணலில் மாற்றாதீர்கள். இந்தச் செந்தூசி அரைத்த மஞ்சள் போல நைசானது, சென்சாரில் ஒட்டினால் லேசில் போகாது. இரண்டு பேர் இருப்பதன் பெரிய லாபம் இதில்தான்: ஒருவர் கேமராவில் அகலக்கோணம், மற்றவர் கேமராவில் 70-200 மி.மீ. நீள லென்ஸ். அரை மணிக்கு ஒரு முறை கேமராவையே மாற்றிக்கொள்ளுங்கள். நீள லென்ஸ் தூரத்து மேடுகளை ஒன்றின் பின் ஒன்றாக நெருக்கிக் காட்டும். பனங்கூட்டத்தின் பச்சைக்குக் கீழே சிவப்பு வரும் படங்கள் அதில்தான் அழகு. லென்ஸில் தூசி விழுந்தால் புளோயரால் ஊதுங்கள், துணியால் துடைத்தால் கீறல் விழும்.

டிரைபாடில் அடிக்கால் துண்டை முதலில் ஒரு சாண் இழுத்துவிட்டு, பிறகு மேல் துண்டுகளை நீட்டுங்கள். புதைவது அடித்துண்டு மட்டும்தான். திருகும் இடத்துக்குள் மணல் போகாது.

போனில் எடுக்கிறவர்கள் மணலில் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் ஒளியளவையும் பூட்டிவிட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இழுங்கள். அதுவே போதும்.

நண்பரைப் படத்துக்குள் நடக்கவிடுங்கள். ஆள் இல்லாத மணல்மேடு பத்தடி உயரமா நூறடி உயரமா என்று பார்க்கிறவருக்குப் புரியாது. வெள்ளை வேட்டி, வெளிர்நீலச் சட்டை செம்மணலில் எடுப்பாகத் தெரியும். சிவப்பு, பழுப்பு உடைகள் காணாமல் போய்விடும். தூரத்திலிருந்து கத்தினால் காற்றில் கேட்காது. கையை உயர்த்தினால் நில், பக்கவாட்டில் அசைத்தால் நட என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் கழித்து இடம் மாறுங்கள். நண்பனின் படம் பத்து, உங்கள் படம் ஒன்றுகூட இல்லை என்று ஆகிவிடக்கூடாது.

தரையில் கண்ணாடிபோல் பளபளக்கும் சின்னக் கற்சில் ஏதாவது கண்ணில் பட்டால் அங்கேயே விட்டுவிடுங்கள். இந்தத் தேரிகளில் இடைக்கற்கால மனிதர்கள் செய்த நுண்கற்கருவிகள் கிடைத்திருக்கின்றன. நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் காலத்திலிருந்தே ஆய்வாளர்களின் கவனம் இங்கே உண்டு. 1956இல் ஆய்வாளர்கள் சாய்னரும் பிரிஜெட் ஆல்சினும் இவற்றை விரிவாக ஆராய்ந்து எழுதினார்கள். படம் எடுத்துக்கொள்ளலாம், பாக்கெட்டில் போடக்கூடாது.

சூரியன் மறைந்த பிறகும் கால் மணி நேரம் இருங்கள். கடும் நிழல்கள் கரைந்து, வானத்தின் ஊதாவும் மணலின் சிவப்பும் ஒன்றுக்கொன்று நெருங்கும். பிறகு இருட்டுவதற்குள் வெளியே வந்துவிடுங்கள். நட்சத்திரம் எடுக்க ஆசையாக இருந்தாலும் இரவில் காப்புக்காட்டுக்குள் தங்கக்கூடாது.

ஞாயிறு காலையும் திரும்பும் வழியும்

ஐந்தேகாலுக்கு ரூமைக் காலி செய்துவிட்டே கிளம்புங்கள். சூரியன் 6:35 வாக்கில் எழும். ஆறு மணிக்குள் நேற்று தொடாமல் விட்ட இடத்தில் நிற்க வேண்டும். இரவுக் காற்று பழைய தடங்களை ஓரளவு அழித்திருக்கும். அவற்றுக்குப் பதில் வண்டுகளும் ஓணான்களும் போட்ட நுண்ணிய கோலங்கள் மணலில் இருக்கும். மேக்ரோ லென்ஸ் உள்ளவர்களுக்கு இந்த ஒரு மணி நேரம் விருந்து. எட்டு மணிக்கு மேல் நிழல் சுருங்கிவிடும், பையைக் கட்டிவிடலாம்.

மார்ச்சில் போனால் திரும்பும் வழியில் பதநீர் கிடைக்கும். பனையேறி இறங்கிக் கலயத்தைக் கீழே வைத்ததும், "அண்ணாச்சி, பதநீர் கிடைக்குமா?" என்று கேளுங்கள், பனையோலைப் பட்டையை மடித்து அதில் ஊற்றித் தருவார்கள். அவர் ஏறும்போது எடுப்பதாக இருந்தால் தூரத்திலிருந்து எடுங்கள், பேச்சுக் கொடுத்துக் கவனத்தைக் கலைக்காதீர்கள். உடன்குடி கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வீட்டுக்கு வாங்குவதானால் உடன்குடியிலேயே பார்த்து வாங்குங்கள்.

நேரம் மிச்சம் இருந்தால் மணப்பாடு போகலாம் என்று ஆசை வரும். கடலுக்குள் நீண்டு நிற்கும் மணல் குன்று, அதன் மேல் திருச்சிலுவை ஆலயம், அருமையான இடம்தான். ஆனால் இந்த இரண்டு நாளில் அதைத் திணிக்காதீர்கள். அதற்கு இன்னொரு வார இறுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்பது மணிக்குச் சென்னை நோக்கித் திரும்பிவிடுங்கள். சுமார் 640 கிலோமீட்டர், சாப்பாடும் டீயும் சேர்த்துப் பன்னிரண்டு மணி நேரம். ஞாயிறு மாலை செங்கல்பட்டுக்கு மேல் ஊரே திரும்பிக்கொண்டிருக்கும், பொறுமையாக வாருங்கள். அம்பத்தூர், ஆவடி பக்கம் போகிறவர்கள் வண்டலூரில் வெளிவட்டச் சாலையைப் பிடித்தால் தாம்பரம் நெரிசல் மிச்சம்.

வந்த இரவே மெமரி கார்டை இரண்டு இடத்தில் நகலெடுங்கள், ஒன்று உங்களிடம், ஒன்று நண்பரிடம். படங்களைத் திருத்தும்போது சாச்சுரேஷனைக் கூட்டும் ஆசையை அடக்குங்கள். மணலில் சிவப்பு ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது; சிவப்பின் பிரகாசத்தை மட்டும் லேசாக இறக்கினால் வரிகள் தெளியும். ஆள் இருக்கும் படங்களில் ஆரஞ்சைத் தனியாகப் பாருங்கள், இல்லையென்றால் முகமும் மணல் நிறத்துக்குப் போய்விடும். டிரைபாட் கால்களைக் கழற்றி ஈரத்துணியால் துடைத்துக் காயவையுங்கள். அந்த வாரத்திலேயே காரின் ஏர் ஃபில்டரையும் ஒரு தடவை தட்டிப் போடச் சொல்லுங்கள்.